ஆல்ப்ஸ் மலை மதுவும் அந்தமான் மீனும்



எவ்வுணவுக்கு எப்பானம் ஏற்றது என்பது செல்வர் வீட்டுப் பேச்சு எனப் பலர் கருதுவர். நம் தீவுகளிலோ அது பிழைப்பைத் தொடும் பொருளாகிவிட்டது. 2018-இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாறிய ஹேவ்லாக்கிலும், 2024-இல் ஸ்ரீ விஜயபுரமாகிய போர்ட் பிளேரிலும் நம்மவர் சிலர் உணவு விடுதி நடத்துகின்றனர். நம் பிள்ளைகள் பலர் பிறர் விடுதிகளில் பரிமாறுகின்றனர். "இந்த வெள்ளை ஒயினுக்கு எந்த மீன் பொருந்தும்?" என்று பயணி வினவுங்கால், விடையறிந்த பிள்ளைக்கே மதிப்பு உயரும். தண்டவாளமே இல்லாத ஊரில் ரயில் சீட்டு எழுதும் குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். சீட்டு வாங்க வரும் இளைஞர்கள் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைச் சாரலில், ஆதிஜே ஆற்றின் பள்ளத்தாக்கில் டெர்லானோ என்னும் ஊர் உளது. அங்கே மூவகைத் திராட்சையைக் கலந்து வெள்ளை மது வடிக்கின்றனர். பினோ பியாங்கோ என்பது புளிப்பையும் தெளிவையும், ஷார்டனே என்பது திண்மையையும், சோவிஞ்ஞோன் என்பது நறுமணத்தையும் தருகின்றன. பகலில் வெயிலும் இரவில் குளிரும் மாறி வருவதால் பழம் இனிப்பேறியும் புளிப்பை இழப்பதில்லை. அப்புளிப்பே அம்மதுவின் உயிர். அவ்வூரார் அதனைப் புகையூட்டிய பன்றி இறைச்சியோடும் பாலாடைக் கட்டியோடும் அருந்துவர். கொழுப்பு நாவில் படிகையில் புளிப்பு அதனைக் கழுவிவிடும். பருப்பும் நெய்யும் உண்டபின் நாம் ரசம் ஊற்றிக்கொள்வதும் இக்காரணம் பற்றியே அன்றோ?

இதிலிருந்து நமக்குப் பயன்படும் விதிகள் மூன்று.

ஒன்று: உணவின் புளிப்பு மதுவின் புளிப்பை விஞ்சலாகாது. புளி மிகக் கரைத்த மீன்குழம்பின் முன் அம்மது சப்பென்று ஆகிவிடும்.

இரண்டு: மிளகாய்க் காரம் ஆகாது. அம்மதுவில் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பங்கு சாராயம் உண்டு. அது காரத்தின் எரிச்சலை மேலும் கிளறும்.

மூன்று: உப்பும் கொழுப்பும் நட்பாம், அவை புளிப்பை இதமாக்கும்.

ஆதலின், இஞ்சி சேர்த்து ஆவியில் வெந்த கொடுவா மீன், வெண்ணெயில் வதக்கிய இறால், உப்பு நீரில் வேகவைத்த நண்டு ஆகியவை பொருந்தும். இவற்றினும் சிறந்தது தேங்காய்ப்பால் சொதி. திருநெல்வேலியாரும், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையினின்று வந்து கச்சால் தீவில் குடியேறியோரும் நன்கறிந்த உணவு அது. காரம் குறைத்து, எலுமிச்சை சில துளியே பிழிந்து, இடியாப்பத்தோடு பரிமாறுக. மதுவை 8 முதல் 12 பாகை வரை குளிரூட்டல் வேண்டும். நம் வெப்பத்தில் புட்டியை மேசைமேல் வைத்திருந்தால் சுவை கெடும்.

உரிமம் இல்லாத விடுதியில் மது விற்பது குற்றம் என்பதை மறவாதீர். பரிமாறத் தெரிந்தவன் அருந்தவும் வேண்டும் என்பதும் இல்லை. மதுவில் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. கூலியில் பாதி குடிக்குப் போன வீடுகளை நாம் அறிவோம். அவ்வீட்டுப் பெண்மணிகளுக்கு இவ்வறிவிப்பு புதிதன்று.

நம் இல்லங்களில் இதே அறிவை வேறு வகையில் பயன்கொள்ளலாம். காரக் குழம்புக்குப்பின் மோர் கொடுங்கள். பாலிலுள்ள புரதம் மிளகாயின் எரிச்சலைப் பற்றி நீக்கும். வறுத்த சூரை மீனுக்கு எலுமிச்சை நீர் ஏற்றது. எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும். சொதிக்கு இளநீர் இசையும்.

தொழிலிடத்தில் பயணியின் மதுவுக்கு நம் சொதியைத் துணிந்து பரிந்துரையுங்கள். ஆல்ப்ஸ் மலையார் தம் ஊர் உணவோடு தம் பானத்தை இணைத்தே பெயர் பெற்றனர். நம் அடுப்பில் வேகும் உணவை மறைத்து வைக்க நமக்குக் காரணம் ஏதுமில்லை.