எட்டா, மூணா?

அது எட்டு. மூணு இல்லை. பகலில் பார்த்தால் எவனுக்கும் தெரியும். ராத்திரி இரண்டேகால் மணிக்கு, மூன்றாவது அடுக்கில் உட்கார்ந்திருந்த கன்டெய்னரின் கதவில் அது எனக்கு மூணாகத்தான் தெரிந்தது. கையில் இருந்த டார்ச் மின்மினி அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது.

கன்டெய்னர் எண் என்றால் நாலு எழுத்து, ஆறு எண், ஓரத்தில் கட்டம் போட்டு இன்னும் ஓர் எண். அந்தக் கட்டத்து எண், முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. எந்தத் தேசத்துத் துறைமுகத்துக்குப் போனாலும் இதே கணக்குதான். எட்டை மூணாக எழுதினால் கணக்கு உதைக்கும். காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டர் உதைத்தது. சூப்பர்வைசர் கால் ஓங்கவில்லை, வாயால் உதைத்தான். "இன்னா பெருசு, கண்ணு தெரியலன்னா வூட்டாண்ட குந்திக்க வேண்டியதுதானே?" என் மூத்த பையன் வயசு அவனுக்கு. அந்த மாதச் சம்பளத்தில் 300 ரூபாயைக் காணோம்.

கண்ணு தெரியவில்லையாம். கண்ணாடி போடாமல் தினத்தந்தி படிக்கிறவன் நான். தெரியாமல் போனது கண் இல்லை, வெளிச்சம். அந்த வெளிச்சம் ஏன் போனது என்று ஒருத்தன் கேட்டானா? கேட்டிருந்தால் சட்டைப்பையில் இருந்து எடுத்துக் காட்டியிருப்பேன். சுண்டுவிரலின் ஒரு கணு அளவு பிளாஸ்டிக், நடுவில் ஊடுருவிப் போகும் ஒரு பித்தளைக் கம்பி. இதுதான் குற்றவாளி. இதைச் செய்தவனும் விற்றவனும் நன்றாகத் தூங்குகிறார்கள். ராத்திரி முழித்துக் காவல் காக்கிற நான்தான் அபராதம் கட்டினேன்.

என்னிடம் இரண்டு டார்ச். கையில் பிடிப்பதற்கு நீளப் பேட்டரி போடுவது, 18650 என்பார்கள். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். தலையில் மாட்டுவதற்கு அதில் பாதி உயரக் குட்டிப் பேட்டரி. ரிஜிஸ்டரில் எழுதும்போது இரண்டு கையும் வேண்டுமே, அதற்குத் தலை டார்ச். இரண்டுக்கும் ஒரே சார்ஜர். அதன் பள்ளம் நீளப் பேட்டரிக்கு வெட்டியது. குட்டியைப் போட்டால் ஒரு முனை எட்டாது. மிச்ச இடத்தை அடைக்க ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். பெட்டியில் ஸ்பேசர் என்று போட்டிருந்தது. கடைக்காரப் பையன் 'பீஸு' என்றான். என் வீட்டுக்காரி முதல் நாளே முட்டு என்று பெயர் வைத்துவிட்டாள். சாய்கிற சுவருக்குக் கட்டை கொடுப்போமே, அந்த முட்டு. அவள் வைத்த பெயர்தான் சரி.

அன்று மதியம் குட்டிப் பேட்டரி ஏறி முடிந்து எடுத்தேன். பேட்டரி வந்தது, முட்டு வரவில்லை. ஸ்பிரிங்கோடு கவ்விக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அது அங்கே இருக்கிறவரை நீளப் பேட்டரியை உள்ளே விட முடியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு டியூட்டிக்குக் கிளம்ப வேண்டியவன் எத்தனை நேரம் அதோடு மல்லுக்கட்டுவான்? பாதி உயிரோடு இருந்த கை டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். மிச்சம்தான் உங்களுக்குத் தெரியுமே. எட்டு, மூணு.

மறுநாள் தூங்காமல் புழலில் இருந்து பஸ் பிடித்துப் பாரிமுனை போனேன், வாங்கிய கடைக்கு. சார்ஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தப் பையன் சொன்னான்: "நீ அழுத்திப் போட்டிருப்பண்ணா." போடும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவன் மாதிரி சொன்னான். சரி, மாற்றிக் கொடு என்றேன். பில்லைக் காட்டச் சொன்னான். அவன் கொடுத்த பில் என்பது கடைப் பெயரே இல்லாத துண்டுச் சீட்டு. கீழே மட்டும் அழகாக அச்சடித்திருக்கிறது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று. "ஸ்டிக்கரைக் கிழிச்சியா? கிழிச்சா கேரன்டி கெடயாது." கிழிக்கவில்லையே, அப்படியென்றால் கேரன்டி உண்டா? "சைனா பொருளுக்கு இன்னாண்ணா கேரன்டி?"

நான் படிக்காதவன் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பொருளை விற்றுவிட்டுப் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளைக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வழக்குப் போடக் கட்டணமே இல்லை. குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். 1915க்கு போன் அடித்தால் புகாரும் எடுத்துக்கொள்வார்கள். சட்டம் எழுதினவர்கள் நல்லவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் என் கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா? சார்ஜர் 350 ரூபாய். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் 600 ரூபாய் போச்சு. இரண்டு வாய்தா என்றால் 1,200. புகாரில் யார் பெயரை எழுதுவது? பெயரில்லாத சீட்டு! இந்தக் கணக்கு அந்தக் கடைக்காரனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் வியாபாரமே இந்தக் கணக்கின் மேல்தான் நடக்கிறது.

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியிருப்பேன். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி பாய்ந்து கையைப் பிடித்தான். "மாமா, மொதல்ல பிளக்க புடுங்கு. இரும்ப உள்ள வுடாத." ப்ளஸும் மைனஸும் இரும்பால் சேர்ந்தால் போர்டு போய்விடும், பேட்டரி உள்ளே இருந்தால் அதுவே அடுப்பாகிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கால் மணி நேரம் சும்மா வைக்கச் சொன்னான். உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்குமாம். பிறகு நாலு திருகாணி. நாலாவது ஆணி எங்கே என்று தேடினால், அந்தக் கேரன்டி ஸ்டிக்கருக்கு அடியில். கிழித்தேன். இல்லாத கேரன்டியைக் கிழித்ததில் ஒரு சின்ன சந்தோஷம்.

உள்ளே பார்த்தபோதுதான் விவகாரம் புரிந்தது. முட்டின் பின்பக்கம் ஒரு பள்ளம். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மரை ஏறினாற்போல் பூட்டிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க இறுகும். போதாக்குறைக்குப் பித்தளைக் கம்பியில் பச்சைக் களிம்பு, ஸ்பிரிங்கில் துரு. மணலியில் நான் காவல் காக்கிற யார்டு, எண்ணூர்க் கடல் காற்றில் உப்பு, அனல்மின் நிலையங்களின் பக்கமிருந்து வரும் காற்றில் சாம்பல். எங்கள் பக்கம் எதை வெளியே வைத்தாலும் இரண்டும் வந்து படியும். அந்தப் பள்ளத்தை ஒரு மில்லிமீட்டர் அகலமாகக் குடைந்திருந்தால் எதுவும் மாட்டியிருக்காது. ஒரு மில்லிமீட்டர்! எவனோ மிச்சம் பிடித்த அந்த ஒரு மில்லிமீட்டர் என் சம்பளத்தில் 300 ரூபாய்.

இழுக்காமல், குச்சி ஐஸ் குச்சியால் முட்டைத் தாங்கிக்கொண்டு, ஸ்பிரிங் சுற்றியிருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் மெல்லத் திருகினேன். போர்டு கழுவுகிற ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டான் தம்பி. தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்டதற்கு முறைத்தான். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இரண்டரைச் சுற்றில் டப்பென்று வந்தது. துரு ஏறின ஸ்பிரிங்கை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தோம், பொடி போர்டில் விழாமல் துணி போட்டு. களிம்புக்கு என்ன செய்வது என்று யோசிக்கும்போதே வீட்டுக்காரி முட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். குத்துவிளக்கு தேய்க்கிற புளியிலேயே அதையும் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கம் மாதிரி மின்னியது சனியன்.

அத்தோடு விட்டிருந்தால் நிம்மதி. தம்பி மீட்டரை வைத்துப் பார்த்தான். இந்த வகைப் பேட்டரி 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். என் சார்ஜர் பச்சை விளக்கு போட்டு முடிந்துவிட்டது என்று சொல்கிற நேரத்தில் மீட்டரில் 4.35. அப்படியே விட்டு வைத்தால் பேட்டரி சீக்கிரம் சாகும். சில சமயம் சாகாமல் தீப்பிடிக்கும். எத்தனை நாள் இதைச் சொருகிவிட்டு அதே அறையில் பகலில் தூங்கினேன், பேரனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு! நீளப் பேட்டரியின் மேல் 9900 எம்.ஏ.எச். என்று எழுதியிருக்கிறது. இந்த அளவு பேட்டரியில் நல்ல கம்பெனிப் பொருளே 3500ஐ ஒட்டித்தான் நிற்கும் என்றான். தெருமுனை வெள்ளிக் கடைத் தராசில் வைத்தேன். 31 கிராம். நல்ல பேட்டரி 45 கிராமை ஒட்டி இருக்குமாம். எடையில் திருட்டு, எண்ணில் திருட்டு. ஐ.எஸ். 16046 முத்திரை இல்லாமல் இந்தப் பேட்டரியை விற்கவே கூடாது. முத்திரை எங்கே? அது இருக்க வேண்டிய இடத்தில் புலி படம் போட்டிருக்கிறது.

ஒரு டார்ச்சுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். 2023 டிசம்பர் 4ஆம் தேதி ராத்திரி எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் கேட்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல். புழல் ஏரியில் உபரி நீர் திறந்திருக்கிறார்கள் என்ற சேதி மட்டும் வருகிறது, கரண்ட் இல்லை, வாசலில் வருவது மழைத் தண்ணீரா ஏரித் தண்ணீரா தெரியவில்லை. அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மூச்சு முட்டி ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். கையில் வெளிச்சம் இல்லாமல் ஓடிப் பாருங்கள். அதற்கப்புறம்தான் நான் 350 கொடுத்து இந்த சார்ஜரையே வாங்கினேன். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற அனல்மின் நிலையங்கள் எங்கள் பக்கம். புழல் ஜெயில் மதிலில் ராத்திரி பூராவும் விளக்கு எரிகிறது. நானும் ஒரு விளக்குக்குத்தான் காசு கொடுத்தேன்.

அந்த 31 கிராம் பேட்டரியை என்ன செய்வது என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரித்தவனே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தத் தயாரிப்பாளன், எந்தத் தெரு? குப்பை வண்டியில் போட்டால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போய் அங்கே எரியும். முனையில் டேப் ஒட்டி, மண் நிரப்பிய டப்பாவில் போட்டு மாடிப்படிக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

இப்போது முத்திரை போட்ட பேட்டரி ஒன்று கடன் சொல்லி வாங்கியிருக்கிறேன். சார்ஜர் அதேதான்; புதிதுக்குக் காசில்லை. தினமும் மதியம் ஒன்றரைக்குச் சொருகிவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தம்பியின் மீட்டர். 4.2 வந்ததும் பிடுங்குகிறேன். ராத்திரி கன்டெய்னருக்குக் காவல், பகலில் சார்ஜருக்குக் காவல். இதற்குச் சம்பளம் கிடையாது.

போன வாரம் சூப்பர்வைசரிடம் முட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். "இத்துனூண்டு பீஸா?" என்று சிரித்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைய ரிஜிஸ்டரை நீட்டினான். அந்த 300 ரூபாயைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.