தற்காலிக அனுமதி, நிரந்தரச் சுரண்டல்

ஒன்றிய அரசு அண்மைக் காலத்தில் அயல்நாடுகளுடன் செய்துகொள்ளும் உடன்பாடுகளில், இளைஞர்களைத் தற்காலிகமாக அனுப்பிவைக்கும் பிரிவு ஒன்று தவறாமல் இடம்பெற்றுவருகிறது. 2021 மே மாதம் பிரிட்டனுடன் கையெழுத்தான உடன்பாட்டின் தொடர்ச்சியாக, 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியப் பட்டதாரிகளில் ஆண்டுக்கு 3,000 பேர் வரை அங்கு சென்று ஈராண்டுகள் வேலை செய்யும் திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது. விண்ணப்பிப்போரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கின்றனர். ஆஸ்திரேலியாவுடனான வர்த்தக உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 1,000 இந்திய இளைஞர்கள் ‘வேலையும் விடுமுறையும்’ என்னும் விசாவில் அந்நாட்டுக்குச் செல்லலாம். இவற்றை இளைய தலைமுறைக்குப் பெற்றுத்தந்த வெற்றிகளாக அரசு முழங்குகிறது.

பட்டதாரிகள் வேலையின்றி நிற்கும் நாட்டில் சில ஆயிரம் சீட்டுகளைக் குலுக்கிப் போடுவது வெற்றிதானா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இத்திட்டங்களுக்கு வெளியே மாணவர் விசாவில் சென்று, படிக்கும் காலத்திலும் படிப்பு முடிந்த ஓரிரு ஆண்டுகளிலும் அங்கே உழைப்பவர்களே மிகப் பெரும்பான்மையினர். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 97,556 பேர் ‘செய்முறைப் பயிற்சி’ என்ற பெயரில் இருந்தவர்கள். இவர்களைத் தொழிலாளர் என்று நாம் எண்ணுவதில்லை; பெரும்பாலும் அவர்களும் தம்மை அவ்வாறு எண்ணுவதில்லை. சுரண்டுவோருக்கு இதைவிட வசதியான நிலை வேறு உண்டா?

பெயர் மாற்றும் வித்தை

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இத்திட்டங்களின் சொற்களை நான் உற்று நோக்குவதுண்டு. ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’, ‘பயிற்சி’, ‘இளையோர் நகர்வு’, ‘உலக அனுபவம்’ என்பன அவற்றில் நிறைந்திருக்கும். ‘கூலி’ என்ற சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘சங்கம்’ என்ற சொல் கண்ணில் படுவது அரிது. உழைப்பவரை மாணவர் என்றும், விருந்தினர் என்றும், பயிற்சியாளர் என்றும் அழைத்துவிட்டால், தொழிலாளிக்குரிய உரிமையைக் கேட்பதே நன்றிகெட்ட செயலாகத் தோன்றும்.

தமிழருக்கு இத்தகைய சொல்வித்தை புதிதன்று. இலங்கையின் தோட்டங்களில் ‘துண்டு’ முறை என ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த ஒரு சீட்டு அது. அந்தக் கடனைத் தீர்க்க யாரேனும் முன்வந்தாலன்றி அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இன்றைய மாணவரின் வாழ்வு அன்றைய தோட்டத் தொழிலாளியின் வாழ்வுக்கு ஒருபோதும் ஒப்பாகாது. எனினும் கடனும் அனுமதிச் சீட்டும் ஒன்றுசேர்ந்து ஒரு மனிதரின் வாயைக் கட்டும் முறை மாறவில்லை.

பால்மைராவின் பாடம்

இதை விளக்க 2011இல் அமெரிக்காவில் நடந்த ஒரு போராட்டத்தை விரிவாக நினைவுகூர்வது தகும். அந்நாட்டின் 1961ஆம் ஆண்டுக் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின் வழியில் ஜே-1 என்னும் விசா வழங்கப்படுகிறது. அதன் ஒரு பிரிவின்கீழ், பிற நாட்டுக் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் அமெரிக்கா சென்று சில மாதங்கள் வேலை செய்து, நாட்டையும் சுற்றிப் பார்த்துத் திரும்பலாம். இவ்விசாவில் சீனா, துருக்கி, உக்ரைன், மால்டோவா முதலிய நாடுகளிலிருந்து சென்ற மாணவர்கள், பென்சில்வேனியா மாநிலத்தின் பால்மைரா என்னும் ஊரில் ஹெர்ஷே நிறுவனத்தின் சாக்லேட்டுகளைப் பெட்டிகளில் அடுக்கும் ஆலையில் அமர்த்தப்பட்டனர். மருத்துவமும் பொறியியலும் பயில்வோர் அவர்களில் இருந்தனர். இந்த வாய்ப்புக்காக அவர்கள் செலுத்தியிருந்த தொகை தலைக்கு 3,000 முதல் 6,000 டாலர் வரை.

அமெரிக்காவைக் காண வந்தவர்கள் கண்டது கனத்த பெட்டிகளையும் இரவுப் பணியையும்தான். தங்குமிட வாடகை ஊதியத்திலேயே பிடித்துக்கொள்ளப்பட்டது. செலுத்திய கட்டணத்தைக் கோடை முடிவதற்குள் ஈட்ட முடியாது என்பது சில வாரங்களிலேயே புரிந்தது. முறையிட்டவர்களுக்கு விசா பறிபோகும், நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவீர்கள் என்ற மிரட்டலே விடையாக வந்தது என அவர்கள் கூறினர். யாரிடம் நியாயம் கேட்பது? சாக்லேட் ஹெர்ஷேயினுடையது, ஆலையை நடத்தியது எக்செல் என்னும் மற்றொரு நிறுவனம், ஆட்களை அமர்த்தியது மூன்றாவது நிறுவனம், விசாவுக்குப் பொறுப்பேற்றது நான்காவது அமைப்பு. ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம் வைத்துப் பொறுப்பைக் கரைக்கும் இந்த வழியை நம் நாட்டின் தொழிற்பேட்டைகளில் பணியாற்றும் தோழர்கள் நன்கறிவர்.

2011 ஆகஸ்ட் 17 அன்று அம்மாணவர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினர். சில நூறு பேர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நேஷனல் கெஸ்ட்வொர்க்கர் அலையன்ஸ் என்ற அமைப்பு துணைநின்றது. அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர்கள் ஆதரவு தெரிவித்துக் கைதாயினர். மாணவர்களின் கோரிக்கைகளுள் முதலாவது எதிர்பார்க்கத்தக்கது: கட்டிய பணத்தைத் திருப்பித் தருக. மற்றொன்றுதான் நம் கவனத்துக்குரியது: இந்த வேலைகளை வாழ்வதற்குப் போதுமான ஊதியத்துடன் உள்ளூர்த் தொழிலாளர்களுக்குத் தருக. தம்மைக் கொண்டு உள்ளூர்த் தொழிலாளியின் கூலி வெட்டப்படுகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். சில வாரங்களில் நாடு திரும்பிவிடப்போகும் இளைஞர்கள், தமக்குப் பின் அங்கே உழைக்கப்போகிறவர்களுக்காகவும் குரல் எழுப்பினர்.

இப்போராட்டம் வீண்போகவில்லை. 2012இல் விசாப் பொறுப்பேற்ற அமைப்பை அமெரிக்க வெளியுறவுத் துறை அத்திட்டத்திலிருந்து விலக்கியது. தொழிற்சாலை, கட்டுமானப் பணிகளிலும், பெரிதும் இரவிலேயே நடக்கும் வேலைகளிலும் கோடைக்கால மாணவர்களை அமர்த்தக் கூடாதென விதிகள் திருத்தப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு 2 லட்சம் டாலருக்கும் அதிகமான நிலுவை ஊதியம் வழங்கவும் அவ்வாண்டு இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. திட்டம் என்னவோ தொடர்கிறது. ஆனால், ‘தற்காலிகமானவர்களைத் திரட்ட முடியாது’ என்ற வாதம் அங்கேயே பொய்த்துப்போயிற்று.

மூன்று கயிறுகள்

இந்திய மாணவர்களைப் பிணைக்கும் கயிறுகள் மூன்று.

முதலாவது கடன். ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக்கடனுக்கு நம் வங்கிகள் பொதுவாகப் பிணையம் கேட்கின்றன. அதாவது வீடோ நிலமோ அடமானத்துக்குப் போகிறது. கனடாவுக்குச் செல்லும் மாணவர், கல்விக் கட்டணம் நீங்கலாக, வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரி முதல் 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தப்பட்டது. விமானம் ஏறும்போதே தோளில் ஏறிவிடும் இச்சுமை, முதலில் கிடைக்கும் எந்த வேலையையும் எந்தக் கூலிக்கும் ஏற்கச் செய்கிறது.

இரண்டாவது வேலைநேர வரம்பு. படிப்புக் காலத்தில் இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது, படிப்பைக் காக்கும் விதியாகத் தோன்றும். அது முதலாளியின் கையில் எவ்வாறு ஆயுதமாகிறது என்பதை 2015இல் ஆஸ்திரேலியாவில் வெளியான செவன் இலெவன் கடைகளின் ஊழல் காட்டியது. அக்காலத்தில் மாணவர்கள் இரு வாரங்களுக்கு 40 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அக்கடைகளின் உரிமம் பெற்றவர்கள் பலர், மாணவர்களை அதற்கு மேலும் உழைக்கவைத்து, பாதி நேரத்தை மட்டும் ஏட்டில் எழுதி, பாதிக் கூலியே தந்தனர். கேள்வி கேட்டால், விசா விதியை மீறியதாகக் காட்டிக்கொடுப்போம் என்றனர். மீறச் செய்தவரே மிரட்டவும் செய்தார். ஏமாற்றப்பட்டவர்களுள் இந்தியர் கணிசமானோர். உண்மை வெளிவந்த பின், அந்நிறுவனம் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் திருப்பித் தர நேர்ந்தது.

மூன்றாவது நாட்காட்டி. அமெரிக்காவில் பட்டம் முடித்தவர் ஓராண்டும், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் பயின்றவர் மேலும் ஈராண்டும் ‘பயிற்சி’யாக வேலை செய்யலாம். முதல் ஓராண்டில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருந்தால் தங்கும் தகுதி போய்விடும். ஆகவே சிலர் ஊதியமே இல்லாத வேலையிலும் பெயரைப் பதிந்துகொள்கின்றனர். முதலாளிக்கு இன்னொரு லாபமும் உண்டு. மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பொதுவாக முதல் ஐந்தாண்டுகள் சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பீட்டு வரிகள் இல்லை. எனவே உள்ளூர் ஊழியருக்காக முதலாளி செலுத்த வேண்டிய 7.65 விழுக்காடு இவருக்காகச் செலுத்த வேண்டியதில்லை. ஒரே வேலைக்கு ஒருவர் மலிவு, மற்றவர் விலை அதிகம் என்று சட்டமே ஆக்கிவைத்திருக்கிறது.

இந்த நாட்காட்டியைக் கூட்டுவதும் குறைப்பதும் மூலதனத்தின் தேவையைப் பொறுத்தது. படித்து முடித்த பின் வேலை செய்யும் உரிமையைப் பிரிட்டன் 2012இல் ரத்துசெய்தது. 2021இல் ஈராண்டு அனுமதியாக மீட்டது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போரில் பெரும்பாலோருக்கு 18 மாதங்களாகக் குறைக்கிறது. குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக நடக்கும் இவ்விளையாட்டில், மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் விளக்கிய உழைப்புச் சேமப்படைக்குக் கடவுச்சீட்டும் சேர்ந்துள்ளது. அவ்வளவே வேறுபாடு.

பகை யாருக்கு லாபம்?

வந்தேறிகளே வேலையைப் பறிக்கின்றனர் என்ற வலதுசாரிக் கூச்சல் அந்நாடுகளில் ஓங்கி ஒலிக்கிறது. 1870 ஏப்ரலில் மேயருக்கும் ஃபோக்டுக்கும் எழுதிய கடிதத்தில் மார்க்ஸ், ஆங்கிலேயத் தொழிலாளிக்கும் அயர்லாந்துத் தொழிலாளிக்கும் இடையே மூட்டிவிடப்பட்ட பகையே இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் வலுவின்மைக்குக் காரணம் என்று சுட்டிக்காட்டினார். 1864இல் முதலாம் அகிலம் தோன்றியதற்கான உடனடிக் காரணங்களுள் ஒன்று, வேலைநிறுத்தங்களை முறியடிக்க அயல்நாட்டுத் தொழிலாளர்களை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் தேவையாகும். அன்று அதற்கு விடை எல்லையை அடைப்பதில் தேடப்படவில்லை. எல்லை தாண்டிய ஒற்றுமையில் தேடப்பட்டது. பால்மைரா மாணவர்கள் அந்த விடையையே தம் அனுபவத்தில் கண்டடைந்தனர்.

நம் அணிகளிலும் இருவகைப் பார்வைகள் நிலவுகின்றன. ‘மூளை வடிகால்’ என்று குறைகூறிச் செல்பவரைக் கடிந்துகொள்வது ஒன்று. ‘வசதி படைத்தோரின் பிரச்சினை, நமக்கென்ன’ என்று விலகிக்கொள்வது மற்றொன்று. இரண்டும் தவறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை 2024இன்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 விழுக்காடு. படிக்கப் படிக்க வேலையின்மை பெருகும் நாட்டில் வெளியேறுவதை ஆசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அடமானம் வைக்கப்படும் வீடுகளில் ஆலைத் தொழிலாளியின் வீடும், வங்கி ஊழியரின் வீடும், நம் தோழர்களின் வீடும் உண்டு.

செய்ய வேண்டியவை

அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களை 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் பதிவு செய்யச் சொல்கிறது. அவர்கள் வாங்கும் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. படிக்க அனுப்பும் ‘கல்வி ஆலோசகர்’ அச்சட்டத்தின் வலைக்குள் வருவதில்லை. இதன் விளைவைப் பஞ்சாப் மாணவர்கள் அனுபவித்தனர். ஜலந்தர் முகவர் ஒருவர் வழியாகப் பெற்ற சேர்க்கைக் கடிதங்கள் போலி என்பது, கனடாவில் சில ஆண்டுகள் படித்து உழைத்து, நிரந்தரக் குடியுரிமை கோரியபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. நாடு கடத்தும் ஆணை அவர்கள்மீது பாய்ந்தது. 2023 ஜூனில் மிசிசாகா நகரில் அவர்கள் இரவுபகலாக நடத்திய அமர்வுப் போராட்டத்துக்குப் பிறகே, ஏமாற்றப்பட்ட மாணவர்களை வெளியேற்றுவதைக் கனடிய அரசு நிறுத்திவைத்தது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக அமைய வேண்டும். குடிபெயர்வுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் கொண்டுவரப்போவதாக ஒன்றிய அரசு நெடுங்காலமாகக் கூறிவருகிறது. அதில் மாணவர்களும், அவர்களை அனுப்பும் முகவர்களும் உட்பட வேண்டும். கல்விக்கடன் தவணை வேலையும் ஊதியமும் கிடைப்பதைப் பொறுத்து அமைய வேண்டும். இருநாட்டு உடன்பாடுகளில் எண்ணிக்கை மட்டும் பேசப்படாமல் உரிமைகளும் பேசப்பட வேண்டும்: முதலாளியை மாற்றும் உரிமை, சங்கம் சேரும் உரிமை, கூலி வழக்கு முடியும்வரை தங்கும் உரிமை. கடைசியாகச் சொன்னது கற்பனையன்று. கூலி ஏமாற்றத்துக்கு எதிராக வழக்காடுவோர் தங்கியிருக்கத் தனி விசாவை ஆஸ்திரேலியா 2024இல் சோதனை முறையில் கொண்டுவந்துள்ளது. அங்கே போராடிப் பெற்றதை மற்ற நாடுகளுடனான பேச்சுவார்த்தையில் இந்தியா ஏன் கேட்கக் கூடாது?

கோரிக்கைகளைவிட முதன்மையானது அமைப்பாக்கல். கனடாவின் பிராம்ப்டனில் 2021இல் உருவான நவ்ஜவான் சப்போர்ட் நெட்வொர்க், பஞ்சாபிலிருந்து சென்ற மாணவர்களும் இளந்தொழிலாளர்களும் தாமே கட்டியது. கூலியை ஏமாற்றும் முதலாளியின் கடைமுன்னும் வீட்டுமுன்னும் பதாகையுடன் நின்று, நிலுவையை அவர்கள் வசூலித்திருக்கின்றனர். ஏமாற்றியவர்களுள் இந்திய முதலாளிகளும் உண்டு. இனத்தின் பெயரால் வாய்மூடி இருக்க வேண்டும் என்ற அறிவுரையை அவ்விளைஞர்கள் ஏற்கவில்லை.

மாணவர் அமைப்பிலும் வாலிபர் அமைப்பிலும் பணியாற்றும் தோழர்கள் இதை இங்கிருந்தே தொடங்கலாம். அயல்நாடு செல்லவிருக்கும் மாணவரிடம் சேருமிடத்தின் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, வேலைநேர விதி என்ன, எந்தச் சங்கத்தை அணுகலாம் என்பவற்றைத் தாய்மொழியில் எழுதித் தரும் துண்டறிக்கை ஒன்று போதும், முதல் படியாக. வேலை செய்த மணி நேரத்தை நாள்தோறும் குறித்துவைக்கவும், கடவுச்சீட்டை எந்த முதலாளியிடமும் ஒப்படைக்காதிருக்கவும் அதில் சொல்ல வேண்டும். முகவர் தருவது கல்லூரிகளின் வண்ணப் படங்கள். நாம் தர வேண்டியது, அவர் தரையிறங்கும் ஊரில் உள்ள தொழிற்சங்கத்தின் முகவரி.