பரணில் கிடக்கும் தராசு

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் கென்னபங்க்போர்ட்டில் ஸீஷோர் டிராலி மியூசியம் உள்ளது. மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அங்கு போய்ப் பழைய டிராமில் ஏறி வந்தோம். மர இருக்கை, ஓட்டுநர் காலால் அழுத்த ஒலிக்கும் மணி, இருபுறமும் காடு.

டிராம்களை பஸ்கள் ஒழித்துக்கொண்டிருந்த 1939-இல், ஆர்வலர் சிலர் கைக்காசு போட்டு ஒரே ஒரு டிராமை 150 டாலருக்கு வாங்கிக் காப்பாற்றினர். இன்று அங்கு 250-க்கும் மேற்பட்ட வண்டிகள் உள்ளன. பழுது பார்ப்பவரும் ஓட்டுபவரும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பூட்டி வைக்காமல் ஓட்டிக் காட்டுவதால் குடும்பத்தோடு மக்கள் வருகிறார்கள்.

நம் சென்னையிலும் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. இன்று அது பெரியவர்களின் பேச்சோடு சரி.

நம் தொழிலின் கதியும் அதுதானா? 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் எடை வந்தபின் வீசைக் கல், படி, உழக்கு, பழைய பேரேடு யாவும் பரணுக்குப் போயின. தந்தையாரின் பித்தளைத் தராசை நாமே எடைக்குப் போட்டோம். அந்தப் பணம் எதற்குச் செலவாயிற்று என்பது நினைவில்லை. தராசு இன்னும் நினைவில் இருக்கிறது.

வணிகப் பெருமக்களே, சங்கக் கட்டிடத்தில் ஓர் அறை ஒதுக்குவோம். ஆளுக்கொரு பொருளைக் கடைப் பெயர், ஆண்டு எழுதிக் கொடுப்போம். பள்ளிப் பிள்ளைகள் வந்து வீசைக் கல் வைத்து நிறுத்துப் பார்க்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். அதுவரை, பரணைச் சுத்தம் செய்பவர்கள் எதையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.