பெல்ட் இல்லாத சாரமும் தொழிலாளி மீதான பழியும்

ஒரே கட்டுமான நிறுவனம். பெருநகரக் கிளையில் விபத்து குறைவு, தருமபுரி போன்ற மாவட்டப் பணியிடங்களில் அதிகம் என்றால், "இங்குள்ள ஆட்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று பழியை மேஸ்திரி மீதும் சித்தாள் மீதும் இறக்கிவைக்கிறார்கள். இந்த வாதம் தவறு. உழைப்பவரை இழிவுபடுத்துவதும்கூட.

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் தமிழகத் தொழிலாளியைப் பாருங்கள். மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலையை முறையான அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே தொடங்க முடியாது, பயிற்சியும் கட்டாயம். அதே ஆள் அரூருக்கோ பென்னாகரத்துக்கோ திரும்பினால் சவுக்குக் கம்புச் சாரத்தில் வெறுங்காலோடு ஏற வேண்டியிருக்கிறது. மாறியது அவர் புத்தியா? பெல்ட்டும் இல்லை, அதை மாட்டக் கயிறும் இல்லை, ஏன் இல்லை என்று கேட்க ஆளும் இல்லை.

சட்டமே இதற்கு இடம் கொடுத்தது. 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 250 ஆகக் குறைத்தது. நாற்பது பேர் எழுப்பும் பள்ளிக் கட்டடம் இரண்டிலும் அடங்காது.

பெருநகரமும் தானாகப் பாதுகாப்பானதல்ல. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அந்த இடிபாட்டில் எந்த ஹெல்மெட் எவரைக் காத்திருக்கும்?

ஒப்பந்தப்புள்ளியில் பாதுகாப்புச் செலவைத் தனியாகக் காட்ட வேண்டும். விலைக் குறைப்புப் போட்டியில் அதைத் தொடக் கூடாது. சப்-காண்ட்ராக்டரின் ஆளுக்கு நேரும் விபத்தும் தலைமை அலுவலகக் கணக்கில் ஏற வேண்டும். தருமபுரி மாவட்ட அரசுப் பணிகளிலேயே இதைத் தொடங்கலாம்.