தினமும் ஹெவி தூக்குறது பக்தி இல்ல, தம்பிகளா

தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு மாசம்தான் இருக்கு. காவடி எடுக்கப் போற தம்பிமார்கள், சுவாமி தூக்குற தம்பிமார்கள் எல்லாம் சாயந்திரம் ஆனா கோயில் மண்டபத்துக்குப் பின்னால கூடி கெட்டில்பெல் ஸ்விங் அடிக்கிறாங்க. பார்க்காதவங்களுக்குச் சொல்றோம்: கைப்பிடி வச்ச இரும்புக்குண்டு அது. அந்தக் காலத்து ரஷ்யாவுல தானியம் நிறுக்கிற எடைக்கல்லா இருந்தது. அவங்களோட பழைய அளவான ஒரு பூட், நம்ம கணக்குல 16 கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். அதனாலதான் கடையில 16, 24, 32ன்னு விக்கிறாங்க.

பிள்ளைங்க மாமாக் கடையில ராத்திரி 12 மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல். அதுல எங்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. காவடிக்கு இது நல்ல பயிற்சியும்கூட. இடுப்பு, பின்தொடை, முதுகு, கைப்பிடி எல்லாத்துக்கும் வேலை இருக்கு, மூச்சும் ஏறும். பத்துமலையில 272 படி ஏறணும்னா இதெல்லாம் வேணும்.

ஆனா திங்கள் 24 கிலோ, செவ்வாய் 24 கிலோ, புதனும் 24 கிலோ. நேத்து 100 அடிச்சா இன்னிக்கு 120 அடிக்கணும்னு போட்டி வேற. இதைத்தான் நாங்க வேணாங்கிறோம். போன வருஷம் நல்ல பலசாலியான ஒரு தம்பி, பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது குனிஞ்சு ஷூ கயிறு கட்ட முடியாம நின்னாரு. விரதம் முழுசா இருந்தாரு. காவடியை மட்டும் எடுக்க முடியல. அவங்க அம்மா அன்னிக்கு அழுத அழுகையை நாங்க இன்னும் மறக்கல.

ஃபேக்டரியில லைன் பார்க்கிற எங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். மெஷினை நிறுத்தாம ஓட்டினா அன்னிக்கு டார்கெட் வரும். பேரிங் போறது அடுத்த மாசம்தான் தெரியும். உடம்பும் அப்படித்தான். தசை சீக்கிரம் தேறிடும், தசைநாரும் மூட்டும் தேற நாள் பிடிக்கும். தசை "நான் ரெடி"ன்னு சொல்றதை நம்பித்தான் தம்பிமார்கள் மறுநாளும் ஹெவி எடுக்கிறாங்க.

அப்போ லைட் நாள்னா என்ன? இங்கதான் பெரிய குழப்பம். எடையைக் குறைச்சா மட்டும் லைட் ஆயிடாது. கணக்குப் போட்டுப் பாருங்க. ஹெவி நாள்ல 24 கிலோவை 100 தடவை அடிச்சா 2,400 கிலோ. மறுநாள் "இன்னிக்கு லைட்தான் அண்ணே"ன்னு சொல்லிட்டு 16 கிலோவை 200 தடவை அடிக்கிறீங்க. 3,200 கிலோ ஆச்சு! நேத்தைய விட அதிகம். அதே 16 கிலோவைப் பத்துப் பத்தா அஞ்சு தடவை, நடுவுல நல்லா மூச்சு விட்டு அடிச்சா 800 கிலோ. அதுதான் லைட்.

மிச்ச நேரத்துல ஃபார்மைப் பாருங்க. உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி இல்லாம, இடுப்பைப் பின்னால தள்ளி மடங்கி, முன்னால தள்ளி நிமிரணும். குண்டு அந்த வேகத்துல தானா மேல வரணும். எடை குறைஞ்சதும் கையால தூக்கிக் காட்டுற பழக்கம் நிறைய பேருக்கு வந்துடுது. அந்தப் பழக்கத்தோட 24ஐப் பிடிச்சா அடிமுதுகு பதில் சொல்லும்.

இன்னொண்ணு, கோயில் வேலையையும் கணக்குல சேருங்க. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்குறீங்க, அண்டா தூக்குறீங்க, கூடாரக் கம்பி சுமக்கிறீங்க. அதுவே ஹெவி நாள்தான். அதுக்கு முந்தின நாளும் மறுநாளும் 24 பக்கம் போகாதீங்க. 12 மணி நேர நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கும் அதேதான். எங்க அபிப்பிராயத்துல வாரத்துக்கு இரண்டு ஹெவி போதும். செவ்வாயும் ஞாயிறும்னு வச்சுக்கலாம். வியாழன் லைட். மத்த நாள்ல நடங்க, தூங்குங்க. சைவ விரதத்துல இருக்கிறவங்க தெம்பே, தௌஃபூ, பருப்பு எல்லாம் நல்லா சாப்பிடணும். ஒரு வேளை மட்டும் சாப்பிடுறவங்க ஹெவியே வேணாம், லைட் போதும்.

"முருகன் பார்த்துக்குவாரு அண்ணே"ன்னு சொல்றாங்க. பார்த்துக்குவாரு, நாங்க மறுக்கல. ஆனா கோயில்லயே தினமும் திருவிழாவா நடக்குது? நித்திய பூஜை வேற, விசேஷ பூஜை வேற. தேர் ஓடுறது வருஷத்துல ஒரு நாள். ராத்திரி ஆனா பள்ளியறை பூஜை பண்ணி, நடை சாத்தி, சுவாமிக்கே ஓய்வு கொடுக்கிறோம். உங்க முதுகுக்கு மட்டும் லீவு கிடையாதா?

லைட் நாள் எடுக்கிறவரைப் பார்த்து "சோம்பேறி"ன்னு கிண்டல் பண்றது இனிமே நம்ம மண்டபத்துல வேணாம். முதுகு வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காம டாக்டரைப் பாருங்க. எம்சி கொடுத்தா எடுங்க.

பூசத்துக்கு முந்தின பத்து நாள் 24 கிலோ குண்டு எல்லாம் ஸ்டோர்ல பூட்டி வைக்கிறோம். 16 மட்டும் வெளியில இருக்கும். சாவி எங்ககிட்ட, கேட்டாலும் தரமாட்டோம். கோவிச்சுக்காதீங்க தம்பிகளா.