சுவரில் தொங்கும் பத்திரமும் திரைக்குப் பின்னுள்ள கருவியும்

யாழ்ப்பாணத்துச் சந்தியாயினும், அட்டன் கடைத்தெருவாயினும், வெள்ளவத்தை ஒழுங்கையாயினும், மாலையில் விளக்கேறும் பல்வைத்திய அறை இன்று புதுமையான காட்சியன்று. முன்கூடத்தில் சில நாற்காலிகள். சுவரிலே வைத்தியரின் பட்டச் சான்றிதழ். அதன் அருகே பதிவுப் பத்திரம். வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கியவாறு காத்திருப்பவன் அவற்றை நோக்கி ஆறுதலடைகின்றான். தனக்கு முன் உள்ளே சென்றவனின் இரத்தம் தோய்ந்த கருவிக்குத் திரையின் பின்னால் என்ன நேர்கின்றது என்பதை அவன் காண்பதில்லை; காட்டுமாறு கேட்பதுமில்லை. கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகும் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் அத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது.

சட்டம் இல்லாமலில்லை. 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பல்வைத்தியர் பதிவு செய்யப்படுகின்றார். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்படுகின்றன. அப்பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். ஆயின் பதிவு வேறு, பரிசோதனை வேறு. இன்னார் இன்ன இடத்தில் தொழில் புரிகின்றார் என்பதைப் பதிவுப் பத்திரம் கூறும். நேற்று மாலை அங்கே பயன்பட்ட குறடு இன்று காலை எந்நிலையில் உள்ளது என்பதை அது கூறாது. விண்ணப்பம், கட்டணம், பத்திரம் என்ற வட்டத்துக்குள் மேற்பார்வை சுருங்கிவிடுமாயின், அச்சட்டம் நோயாளிக்குக் காவலாவதில்லை, சுவருக்கு அலங்காரமாகின்றது.

கொதிநீரில் இட்டெடுத்தால் கருவி தூய்மையாகிவிடும் என்பது பலரது நம்பிக்கை. கொதிநீர் 100 பாகைக்கு மேற் செல்லாது. அந்த வெப்பத்தைத் தாங்கி உயிர்த்திருக்கும் பற்றீரிய வித்திகள் உள. ஆகவேதான் ஓட்டோகிளேவ் எனப்படும் நீராவி அமுக்கக் கலம் வேண்டப்படுகின்றது. அதனுள் 121 பாகை செல்சியசில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம் கருவி இருத்தல் வேண்டும். அதற்கு முன் அது நன்கு கழுவப்பட்டிருத்தலும் இன்றியமையாதது. உறைந்த இரத்தத்தின் அடியில் ஒளிந்த கிருமியை நீராவி தீண்டுவதில்லை. பொதியின் மேல் ஒட்டப்படும் நாடா நிறம் மாறுவது வெப்பம் பட்டது என்பதற்கே சான்று. கிருமி அழிந்தது என்பதற்கன்று. அதனை அறியவே வித்திகள் அடங்கிய சிறு குப்பியைக் கலத்துள் வைத்து வாரந்தோறும் சோதிக்கும் முறை ஏற்பட்டது. பல்லைக் குடையும் சுழற்கருவியோ இன்னும் ஆபத்தானது. அது நிற்கும் கணத்தில் நோயாளியின் உமிழ்நீரையும் இரத்தத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்ளக் கூடியது. அடுத்தவன் வாயில் அவற்றை உமிழக் கூடியது. அதனைச் சாராயப் பஞ்சால் வெளியே துடைப்பது வீட்டின் உள்ளே குப்பையிருக்க வாசலைப் பெருக்குவதற்கு ஒப்பாகும்.

'தரங்கெட்ட வைத்தியரிடம் மக்கள் போகமாட்டார்கள். போட்டியே தரத்தைப் பேணும்' என வாதிடுவோர் உளர். சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கச் செல்பவனுக்கு இது பொருந்தலாம்; அவன் காயைத் திருப்பிப் பார்க்கலாம். பல்வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்து கூரையை நோக்கிக் கிடப்பவன் எதைத் திருப்பிப் பார்ப்பான்? ஈரலழற்சி பி வைரசு உலர்ந்த பரப்பில் ஏழு நாளேனும் உயிர்த்திருக்க வல்லது. உடலுட் புகுந்தபின் நோய்க்குறி தோன்ற ஒன்று முதல் ஆறு மாதம் செல்லலாம். அதற்குள் அவன் பல்வலியையே மறந்திருப்பான். 2013 இல் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்துத் துல்சா நகரில் ஒரு பல்வைத்திய நிலையத்தின் நோயாளர் ஏறத்தாழ 7,000 பேர் இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு கேட்கப்பட்டனர். ஈரலழற்சி சி ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்கு அங்கே தொற்றியமை மரபணுச் சோதனையால் உறுதியாயிற்று. செல்வமும் விஞ்ஞானமும் மிக்க நாட்டிலேயே போட்டி காத்த தரம் இது.

செலவு கூடும் என்ற எதிர்வாதம் அவ்வாறு தள்ளிவிடத்தக்கதன்று. 2022 இன் நெருக்கடியில் மருந்துக்கும் மருத்துவப் பொருளுக்கும் நாடு தவித்ததை எவரும் மறந்திலர். தனித்து நிற்கும் சிறு நிலையமொன்றுக்கு நல்ல அமுக்கக் கலமும் அதன் பராமரிப்பும் பெருஞ்சுமையே. அச்சுமை கட்டணமாக மாறித் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தில் விழுமாயின், அவன் பதிவற்ற போலி வைத்தியனையே நாடுவான். இதற்கு வழியில்லாமலில்லை. அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் கருவிகளைத் தூய்மையாக்கும் பிரிவு சிறு கட்டணத்திற்கு இந்நிலையங்களின் கருவிகளையும் ஏற்கலாம். சலுகை தராமற் சட்டத்தை மட்டும் நீட்டும் அரசு தன் பொறுப்பிற் பாதியையே நிறைவேற்றுகின்றது. அரசாங்கத்தின் சொந்தப் பற்சிகிச்சை நிலையங்கள் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. காலையில் அங்கும் மாலையில் தனியார் அறையிலும் அதே வைத்தியர் கருவியை ஏந்தும்போது, அளவுகோல் மட்டும் இரண்டாயிருப்பது எங்ஙனம் நியாயமாகும்?

இனி, எத்தகைய பரிசோதனை என்பதே வினா. முன்னறிவித்து வரும் அதிகாரியின் கண்ணுக்குப் படுவது அன்றைய நாளுக்கென மினுக்கப்பட்ட அறை. இங்கிலாந்தில் 2011 இலிருந்து பல்வைத்திய நிலையங்கள் பராமரிப்புத் தர ஆணைக்குழுவின் மேற்பார்வையில் உள்ளன. அவ்வாறிருந்தும், நொட்டிங்ஹாம் அருகே ஒரு பல்வைத்தியர் நோயாளிக்கு நோயாளி கையுறை மாற்றாமலும் கருவிகளைத் தூய்மையாக்காமலும் தொழில் புரிந்தமை, மறைவாகப் படம்பிடித்து முறையிட்ட ஒருவராலேயே 2014 இல் அம்பலமாயிற்று. ஏறத்தாழ 22,000 பேர் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். படிவம் காணாததை ஒரு மனிதக் கண் கண்டது.

இலங்கையின் தனியார் நிலையங்களில் அந்தக் கண் யாருடையது? பெரும்பாலும் வேலையிலேயே தொழில் பழகிய உதவியாளப் பெண்ணுடையது. எந்தக் கருவி கழுவப்பட்டது, எது அவசரத்தில் துடைக்கப்பட்டது, கலம் எத்தனை நாளாகப் பழுதுற்றுக் கிடக்கின்றது என்பன யாவற்றையும் அவள் அறிவாள். வாய் திறந்தால் வேலை போகும் என்பதையும் அறிவாள். அவளுக்கு முறையான பயிற்சியும், முறையிட்டால் வேலை பறிபோகாது என்ற சட்டப் பாதுகாப்பும் அளிக்காத எந்தத் திட்டமும் அரைத்திட்டமே. அதனோடு, அமுக்கக் கலத்தின் நாளேடு பின்னறைப் பெட்டியில் உறங்காது முன்கூடத்துச் சுவரில் பதிவுப் பத்திரத்தின் அருகே தொங்குதல் வேண்டும்: இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன வெப்பம், வித்திச் சோதனையின் முடிவு. எழுத வாசிக்கத் தெரிந்த எவனும் தானே பரிசோதகனாவான்.

தூய்மையோடு தரம் முடிந்துவிடுவதுமில்லை. இந்நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மென்று வரும் ஒருவனின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பணம் வாங்கிக்கொண்டு, அவன் கன்னத்தின் உட்புறத்து வெண்படலத்தையும் நாவின் அடியையும் நோக்காது அனுப்பும் வைத்தியரின் கருவி எவ்வளவு தூயதாயினும் பயனென்ன? அந்தப் படலத்தை நோக்குவதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. விளக்கும் சிறு ஆடியும் இரண்டு நிமிட நேரமும் போதும். வாய் முழுவதும் பார்க்கப்பட்டதா, எங்கே மாற்றம் காணப்பட்டது, எந்த வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டான் என்பன ஒவ்வொரு நோயாளியின் அட்டையிலும் எழுதப்படல் வேண்டும். நிலையத்துக்கு வரும் அதிகாரி, தளத்து ஓடுகளை எண்ணுமுன், அந்த அட்டைகளுள் இருபதை எடுத்துப் புரட்டட்டும்.