எந்த ஆவரேஜ்?

2021 மார்ச் 23 அன்று, 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் வழியை அடைத்தது. மீட்ட பிறகு உரிமையாளர் தரப்பு ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்று அறிவித்தது. மீட்புச் செலவில் கப்பல்காரரோடு சரக்குக்காரர்களும் பங்கு ஏற்க வேண்டும் என்பது இதன் பொருள். பங்குக்கு உத்தரவாதம் தந்தால்தான் சரக்கு கைக்கு வரும். பெட்டியில் ஒரு கீறல்கூட விழாத வியாபாரிக்கும் இதே நிலைதான்.

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்களைக் கூட்டி வகுத்துப் போடும் ஆவரேஜும் இதுவும் ஒரே சொல். சேதமடைந்த சரக்கைக் குறித்த அரபுச் சொல் ஒன்று, மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் புழங்கி, இத்தாலியில் ‘அவரியா’ ஆகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் ஏறியது என்பது பெரும்பாலான சொல்லாய்வாளர்களின் கருத்து. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய மூட்டைகளைக் கடலில் தள்ளினால், அந்த நட்டத்தை எல்லோரும் அவரவர் சரக்கின் மதிப்புக்கு ஏற்பத் தாங்குவது பழைய வழக்கம். அந்தப் பங்கீட்டுக் கணக்கின் பெயர்தான் 18-ஆம் நூற்றாண்டில் கூட்டி வகுத்து வரும் எண்ணுக்கும் ஆனது. பிறகு ‘சுமார்’ என்ற பொருளும் சேர்ந்தது. ‘படம் ஆவரேஜ்’ என்று நம் ஊர்த் தியேட்டர் வாசலில் சொல்கிறார்களே, அது அந்தப் பொருளில்தான்.

கடல் பொருள் கரையிலும் உயிரோடு இருக்கிறது. தீ விபத்துக் காப்பீட்டு பாலிசிகளில் ‘கண்டிஷன் ஆஃப் ஆவரேஜ்’ என்றொரு நிபந்தனை உண்டு. கிடங்கில் 20 லட்சம் ரூபாய்க்குத் துணி இருக்கிறது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்திருக்கிறார் கடைக்காரர். தீயில் 4 லட்சத்துக்குத் துணி எரிகிறது. காப்பீட்டுத் தொகைக்குள் அடங்கும் நட்டம்தானே, முழுதும் கிடைக்கும் என்று நினைப்பார். இந்த நிபந்தனைப்படி கிடைப்பது 2 லட்சம். பாதிச் சரக்குக்கு அவரே காப்பீட்டாளர் என்று கணக்கு. இதைச் ‘சராசரி நிபந்தனை’ என்று பெயர்த்து வைத்தால் ஒருவருக்கும் விளங்காது. ‘மதிப்பைக் குறைத்துக் காப்பீடு எடுத்தால் இழப்பீடும் அதே அளவில் குறையும்’ என்று பாலிசியின் முதல் பக்கத்திலேயே தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். பாலிசி விற்பவர் அதை வாயாலும் சொல்ல வேண்டும்.

எந்த ஆவரேஜ் என்று தெளிவாகச் சொல்வதில் செய்தித்தாள்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒரு கடையில் நான்கு ஊழியர்களுக்கு மாதம் தலா 15,000 ரூபாய், முதலாளிக்கு 2,40,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டி ஐந்தால் வகுத்தால் 60,000. அந்தத் தொகையை அங்கே ஒருவர்கூட வாங்கவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 15,000. ஆங்கிலத்தில் இரண்டையுமே ஆவரேஜ் என்று எழுத இடமிருக்கிறது. ஆங்கில அறிக்கையிலிருந்து செய்தி எடுப்பவர் இரண்டையும் சராசரி என்றே போட்டுவிடுகிறார். கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு என்று நம் பள்ளிப் பாடநூல்களில் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது இந்தக் குழப்பம் தேவையே இல்லை. சம்பளம், வீட்டு விலை, மருத்துவச் செலவு பற்றிய செய்திகளில் இரண்டில் எது என்பதைச் செய்தியிலேயே குறிப்பிட வேண்டும். மூல அறிக்கையில் அது தெளிவாக இல்லையென்றால், அச்சுக்குப் போகும் முன் அறிக்கை வெளியிட்டவரிடம் கேட்டுவிட வேண்டும்.